மூன்றாவது சிலிண்டரில் கேட்ட சத்தம்

கண்ணமங்கலம் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பு கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் கோபால்சாமி, வயது 71, தந்தை பெயர் சின்னாண்டி. ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூடத் தெருவில் குடியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பச்சையம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் டயாலிசிஸ் செய்ய வேண்டும். சிகிச்சை முடிந்து திரும்பும் நேரத்தில் மலைக்குப் பேருந்து கிடையாது. ஆகவே 2003-இல் வாங்கிய என் அம்பாசிடர் டீசல் காரில் நானே ஓட்டி அழைத்துச் சென்று வந்தேன்.

அந்தக் காரை வாங்கிய நாள் முதல் கண்ணமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ராஜாக்கண்ணு ஒருவர்தான் பழுது பார்த்து வந்தார். சென்ற ஆண்டு மார்ச் மாதம் கிளட்ச் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதால் ஒன்பது நாள் காரை அவரிடம் விட்டிருந்தேன். திரும்ப எடுத்து வந்த மறுவாரம் மலை ஏறும்போது எஞ்சினில் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சத்தம் குறைவு, சூடேறினால் அதிகம், மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே கேட்கும், காலை எடுத்தால் நிற்கும். இவ்வாறு முப்பத்தொரு குறிப்புகள் உள்ளன. நோட்டை ஒப்படைத்துள்ளேன்.

அதன் பிறகு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. மூன்றாவதைத் தளர்த்தியபோது மட்டும் சத்தம் அடங்கியது. மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று எழுதினேன். ஆனால் அந்த பேரிங்குகளை இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ராஜாக்கண்ணு என் கண் முன்னால் புதிதாகப் போட்டிருந்தார். ஆகவே என் கணிப்பு தவறாக இருக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். இது வேறு எஞ்சினாக இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றவில்லை. எஞ்சின் எண் பதிந்த ஆர்.சி. புத்தகம் என் பீரோவிலேயே இருந்தது. எஞ்சின் எண்ணை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகித்ததாகும்.

அதன் பிறகு காரை அவரிடம் கொண்டு போனேன். அவர் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியை என் காதில் ஒட்டி, “இன்னா கேக்குது சார்?” என்றார். தட்டுகிறது என்றேன். பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “டீசல் வண்டின்னா லொடலொடன்னுதான் இருக்கும் சார். எஞ்சினு கல்லு மாதிரி கீது. உங்க காதுக்குத்தான் ஓவராயிலிங் பண்ணணும்” என்றார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வாறு நான்கு முறை நடந்தது.

அதன் பிறகு வேலூரில் காது மருத்துவரிடம் சோதித்துக்கொண்டேன். உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன் வயதுக்கேற்பக் குறைந்துள்ளது என்று அறிக்கை வந்தது. எஞ்சினில் கேட்டது தாழ்ந்த சுருதி. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒலியியல் கற்பித்தவன் அதைக்கூட யோசிக்காமல், கோளாறு என்னிடம்தான் என்று ஏற்றுக்கொண்டேன். “ஏங்க, எனக்குங் கேக்குது. இல்லாததயா கேக்கறோம் ரெண்டு பேரும்?” என்று என் மனைவி சொன்னாள். எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லாத சத்தத்தைக் கேட்பவன் இருக்கும் சத்தத்தைக் கேட்காமலும் போகலாம், அப்படிப்பட்டவன் நோயாளியை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டக்கூடாது என்று முடிவு செய்தேன். டிசம்பர் 14 அன்று அவளை வேலூரில் உள்ள என் மகள் கலைவாணி வீட்டில் விட்டுவிட்டு, அன்று முதல் தனியாக இருக்கிறேன்.

இந்த ஆண்டு பிப்ரவரி 9 காலை, அவளுக்காக வேண்டிக்கொள்ளப் படவேடு அம்மன் கோயிலுக்குப் பேருந்தில் போனேன். கோயிலிலிருந்து நடந்து வரும்போது, வெல்லம் காய்ச்சும் ஒரு கரும்பு ஆலையில் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. வேகம் குறைக்கும்போது அது இரண்டு முறை தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது. என் கார் எஞ்சின் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் தாழ்ந்து நிமிரும். அப்போதும் என் காதை நம்பாமல் வீட்டுக்கு வந்து, பானெட்டைத் திறந்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எண் வேறாக இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் படவேடு போய், ஓடாமல் நின்றிருந்த ஆலை எஞ்சினின் கிரீஸை என் துண்டால் துடைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ள எண் அதில் இருந்தது.

ஆலை உரிமையாளர் சதீஸ்குமார், ராஜாக்கண்ணுவின் மருமகன். அவர் போன் செய்ததும் ராஜாக்கண்ணு மோட்டார் சைக்கிளில் வந்து, “மாப்ள எஞ்சினு வெடிச்சிப் போச்சி சார். வெட்டன கரும்பு அப்படியே காயுது, பொண்ணு வந்து அழுவுறா. நீங்க முப்பது ஸ்பீடுலயே போற ஆளு, பட்டறையில கெடந்த பழைய எஞ்சினு தாங்கும்னு நெனச்சிட்டேன்” என்றார். அந்த ஸ்குரூ டிரைவரில் உனக்கும் சத்தம் கேட்டதா என்று மட்டும் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “மொத நாளே கேட்டுச்சி சார்” என்றார். அவர் சொன்ன இந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நான் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் இரண்டு எஞ்சின்களையும் வழக்குச் சொத்தாகக் கைப்பற்றினார்கள். நேற்று என் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப உங்க காதுல ஒண்ணுமில்ல. நான் வூட்டுக்கு வரட்டுமா?” என்றாள். அவளை வேலூருக்கு அழைத்துப் போக எஞ்சின் வேண்டும், அது எப்போது திருப்பித் தரப்படும் என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதை இங்கே விசாரித்தேன். நீதிமன்ற உத்தரவு வேண்டும், நாளாகும் என்றார்கள்.

இதில் எழுதியுள்ளவை நான் சொன்னவையே, நான் அறிந்தவரை உண்மையே. யாருடைய கட்டாயமும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சி. கோபால்சாமி