இன்னிக்கு நான் உக்காந்தேன்

திருத்தணியில் கிளம்பிய பொதட்டூர்பேட்டை பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள் தோழியிடம் சொன்னாள்:

“அக்கா, இன்னிக்கு நான் கடையில உக்காந்தேன்.”

“அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?”

“வேலைக்குச் சேந்ததுலேருந்து நின்னுகினே இருக்கோம்க்கா, காலெல்லாம் வீங்குது. உக்கார எடம் தரணும்னு சட்டம் இருக்குன்னு எல்லாரும் ஒண்ணா போயி மொதலாளியக் கேட்டோம். ‘புடிக்கலன்னா வேலைய உட்டுடுங்க’ன்னாரு.”

“அப்பறம்?”

“தொழிலாளர் ஆபீசுல சொன்னோம். ஆபீசர் நேர்ல வந்து கண்டிச்சாரு. இன்னிக்குக் காலைல ஆளுக்கொரு ஸ்டூல் வந்து எறங்கிச்சு.”

“மொதலாளி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்தாரா?”

“அட, கஸ்டமர் வந்ததும் பழக்கத்துல நான் எழுந்துட்டேன். அவரு பதறிப்போயி, ‘உக்காரும்மா, ஆபீசர் வந்துடப் போறாரு’ன்னாரு. சிரிப்ப அடக்கிகினு, கால நல்லா நீட்டி உக்காந்தேன்க்கா!”