மூணாவது பெஞ்சுக்கு வாசிச்ச பாடம்

சரி... வேதத்தை ஒரு நிமிஷம் மடியில வைங்க. ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு வந்துர்றேன். பயப்படாதீங்க, சின்னதுதான். சமையல் பந்தல்ல இன்னும் அப்பளமே பொரிக்கல.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊர். அந்த ஊர்க் கோயில்ல ஞாயித்துக்கிழமை ஆராதனையில ரெண்டு வேதபாடம் வாசிப்பாங்க. முதல் பாடம் தவசிகாமணி. ரெண்டாம் பாடம் வேதமாணிக்கம். ஏன் எப்பவும் இவங்க ரெண்டு பேரே? மத்தவங்களைக் கூப்பிட்டா, "கண்ணாடி மாத்தணும் ஐயரே"ன்னு போதகர்கிட்ட சொல்லி நழுவிருவாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் மைக்குன்னா உசுரு!

ரெண்டு பேரும் யாரு? மச்சினனும் அத்தானும். தவசிகாமணியோட அக்காவைத்தான் வேதமாணிக்கம் கட்டியிருக்கார். ஆனா எட்டு மாசமா பேச்சுவார்த்தை கிடையாது. எதுக்கு? சொத்துத் தகராறா? இல்ல. எல்லைத் தகராறா? இல்ல... சாம்பார்! கோயில் அசனத்துக்கு, ஊரே உக்காந்து சாப்பிடுற விருந்துக்கு, தவசிகாமணிதான் சமையல் பொறுப்பு. வேதமாணிக்கம் மைக்கைப் பிடிச்சார். "அன்பான சபையாரே, சாம்பார்ல உப்பு இல்ல. உப்பு வேணுங்கிறவங்க கையை உயர்த்தவும்!" முன்னூறு கை உயர்ந்துச்சு. அதுல ஒரு கை... தவசிகாமணியோட வீட்டம்மா கை! மனுஷன் தாங்குவாரா?

இப்ப வேதமாணிக்கம் மக எப்சிபாவுக்குக் கல்யாணம். பத்தே நாள்தான் இருக்கு. தாய்மாமனுக்கு இன்னும் பத்திரிகை வைக்கல. அந்தப் பொண்ணு சாப்பிடாம அழுவுது. "அப்பா, மாமா வராம நான் எப்படிப்பா மாலை போடுவேன்?" அப்பா என்ன சொன்னார்? "அவன் வந்து மன்னிப்புக் கேட்டா, பத்திரிகை வைக்கிறேன்." அங்க தவசிகாமணி? "அவரு வந்து கேட்டா, நான் கல்யாணத்துக்கு வாரேன்." எப்படி இருக்கு கதை?

பேச்சுதான் நின்னுச்சு. சண்டை நின்னுச்சா? நிக்கல. எங்க நடந்துச்சு தெரியுமா? வேதபாடத்துல!

தவசிகாமணி வாசிக்கப் போவார். மூடனைப் பத்தி ஒரு வரி வரும். "மூடன்..."னு நிறுத்துவார். கண்ணாடியைக் கழட்டுவார். துடைப்பார். முதல் பெஞ்சுல இருக்கிற அத்தானை நல்லா ஒரு பார்வை பார்ப்பார். கண்ணாடியைப் போட்டுட்டு மறுபடியும்... "மூடன்!" அடுத்து வேதமாணிக்கம் வருவார். நாவை அடக்காதவனைப் பத்தி ஒரு பகுதி. மூணாவது பெஞ்சுல மச்சினனைப் பார்த்துக்கிட்டே நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். சபை மொத்தமும் தலையை இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்... மணி அடிக்கிற கோயில்பிள்ளை மூணாவது பெஞ்சுக்கு நேர் பின்னால உக்காந்திருப்பார். "என்னையத்தான் முறைக்காவளோ"ன்னு தூணுக்குப் பின்னால போய்ட்டார். கடைசி ஜெபத்துக்கு வர்ற ஆளெல்லாம் முதல் மணிக்கே வந்து இடம் பிடிச்சாச்சு. ஐயர், பாவம், இதைப் பக்தின்னு நெனச்சு, "சபையில எழுப்புதல் உண்டாயிருக்கிறது"ன்னு பேராயருக்குக் கடிதமே எழுதிட்டார்!

கல்யாணத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. வேதமாணிக்கத்துக்கு என்ன பாடம்? சகோதரனுக்கு உன்மேல குறை இருந்தா, காணிக்கையை அப்படியே வச்சுட்டு, முதல்ல போய் அவன்கூட சமாதானமாகு, ஒப்புரவாகுன்னு வருதே... அந்தப் பாடம். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். "மாட்டினான்டா மச்சினன்!" வாரம் பூரா ஒத்திகை. எங்க நிறுத்தணும், எங்க முறைக்கணும்...

போய் நின்னார். வாசிச்சார். அந்த இடம் வந்துச்சு. நிறுத்தினார். கண்ணாடியைக் கழட்டினார். மூணாவது பெஞ்சைப் பார்த்தார்...

ஆள் இல்ல!

தவசிகாமணிக்கு அன்னைக்கு வயித்துப்போக்கு. வரல. இப்ப வேதமாணிக்கம் இந்த வசனத்தை யார் மேல எறிவார்? வலது பக்கம் பார்த்தார், எல்லாரும் குனிஞ்சுக்கிட்டாங்க. தூணைப் பார்த்தார், கோயில்பிள்ளை இன்னும் கொஞ்சம் உள்ள போனார். பெண்கள் பக்கம் பார்த்தார்... எப்சிபா. அழுதழுது வீங்கின கண்ணோட அப்பாவையே பார்த்துக்கிட்டு இருக்கு.

மறுபடியும் அந்த வரியை வாசிச்சார். மெதுவா. அப்புறம் என்ன பண்ணார்? பாடம் முடிஞ்சதுன்னுகூடச் சொல்லல. இறங்கி விறுவிறுன்னு வெளிய நடந்துட்டார். கக்கத்துல என்ன? கோயில் வேதபுஸ்தகம்! கோயில்பிள்ளை பின்னாலேயே ஓடுறார். "அண்ணாச்சி! புஸ்தகத்தை வச்சுட்டுப் போங்க அண்ணாச்சி!" சபையே எழுந்து பின்னால ஓடுது. ஐயர் தனியா நிக்கிறார்... எழுப்புதலோட.

மச்சினன் வீடு. ஆள் எங்க? கக்கூஸ்ல. இவர் கதவைத் தட்டுறார்.

"மாப்ள... நான்தான்."

"அத்தானா? எதுக்கு வந்தீய?"

"மன்னிச்சிரு மாப்ள. ஊரு முன்னால உன்னைக் கேவலப்படுத்திட்டேன்."

"அதை இப்பவா சொல்லணும்?"

"முதல்ல போன்னு போட்டிருக்கு மாப்ள."

"கக்கூஸுக்கேவா போகச் சொல்லிப் போட்டிருக்கு?"

வெளிய ஊரே சிரிக்குது. உள்ள... மூக்கு உறிஞ்சுற சத்தம். "எட்டு மாசமா எம் மருமவகிட்ட ஒரு வார்த்தை பேசல அத்தான். நில்லுங்க... வாரேன்." வெளிய வந்தார். கையைக்கூடத் துடைக்கல. ஈரக்கையோட அத்தானைக் கட்டிக்கிட்டார்!

அன்பானவங்களே... எட்டு மாசம் ரெண்டு பேரும் வாரம் தவறாம வேதம் வாசிச்சாங்க. ஒரு எழுத்துப் பிசகாம வாசிச்சாங்க. கேட்டாங்களா? ஊரையே கேக்க வச்சாங்க, தாங்க கேக்கல! நாம எப்படி? வசனம் வாசிக்கும்போது உங்க கண்ணு எந்தப் பெஞ்சுக்குப் போகுது? அந்த ஓரத்துல இருக்கிற அக்கா... வீட்டுக்காரரை முழங்கையால இடிச்சது போதும்மா. அவருக்கு இல்ல. உங்களுக்கு!

சிரிக்காதீங்க. ஒண்ணு சொல்றேன். இந்தக் கதையை நான் யாருக்காக எடுத்துட்டு வந்தேன் தெரியுமா? என்கூட ஊழியம் செய்ற ஒருத்தருக்காக. அவர் முன்வரிசையில உக்காருவார், நல்லா உறைக்கச் சொல்லணும்னு வந்தேன்...

அவர் இன்னைக்கு வரல.

சாப்பாட்டுப் பந்திக்கு என்னைத் தேடாதீங்க. நான் அவர் வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்.