இன்ஸ்பெக்டர் கொலை செய்துவிட்டார்

நோர்வேயின் குரோருட் நிலையத்தில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் மடியில் நோர்வேஜிய மொழிப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் இருந்தது. மூத்தவர் சொன்னார்:

"இருவது வருசம் பொலிசில இருந்த மனுசன், நேற்று ஆளைக் கொலை செய்துபோட்டார்."

நான் கைபேசியை மடியில் வைத்தேன்.

"ஆர் அக்கா?" என்றாள் இளையவள்.

"அந்த இங்கிலிஸ் நடிகர்தான் பிள்ளை. முதல் டிவி நாடகத்தில சார்ஜன்ட். அடுத்ததில இன்ஸ்பெக்டர். அதுக்குப் பிறகு சீஃப் இன்ஸ்பெக்டர். மூண்டும் வேற வேற நாடகம். ஆனா எனக்கு அவருக்குப் புரமோசன் கிடைச்ச மாதிரித்தான். இப்ப புதுசில கொலைகாரன். கடைசி வரைக்கும் அவராயிருக்காது எண்டு இவரோட சண்டை பிடிச்சனான்."

"நடிப்புத்தானே அக்கா."

"உனக்கென்ன. நான் இந்த நொஸ்க் பாசை படிச்சதே அவற்றை நாடகத்துக்குக் கீழ ஓடுற நொஸ்க் எழுத்தைப் பார்த்துத்தான். பரீட்சையில ஒரு குசினிப் படத்தைக் காட்டி, என்ன நடக்குது எண்டு கேட்டவை. சந்தேக நபர் கோப்பை கழுவுறார் எண்டு சொன்னனான்."

இளையவள் கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"பிறகு?"

"பாஸ்தான். நல்ல சொல்லெல்லாம் தெரிஞ்சிருக்கு எண்டு சொன்னவை."

"அப்ப இண்டைக்கு எனக்குப் படம் காட்டினா என்ன சொல்ல?"

மூத்தவர் யோசித்தார்.

"நேற்று வரைக்கும் எண்டா, ஆளைப் பார்த்துச் சொல்லு எண்டிருப்பன். இனி ஆர் நிண்டாலும் சந்தேக நபர் எண்டே சொல்லு."