மூணு ப்யூஸ் கட்டை

இல்லப்பா அருளு, உடனே எறங்கணும்னு ஒண்ணும் இல்ல. கெணறு எங்க ஓடிப்பூடப் போவுது? இப்படி வேப்பமரத்து நெழல்ல ரவ நேரம் குந்து. வெய்யில்ல வண்டி ஓட்டிக்கினு வந்திருக்கற, மொதல்ல இந்த மோரக் குடி. பெருங்காயம் போடல. உனக்குத்தான் ஆவாதே.

எப்படித் தெரியும்னு கேக்கறியா? நெறைய பேருக்கு ஆவாதுப்பா. குடி.

இந்தப் பக்கம் வந்ததே இல்லன்ற. சரி, நீ சொன்னா சரிதான். பக்கத்தூட்டு துர்காப் பொண்ணுதான் சொல்லுச்சு, ரோட்டாண்ட நின்னு உன்னக் கூட்டியாறப்ப, எங்க வேலி கண்ணுல பட்டதும் வண்டியத் திருப்பப் பாத்தியாமே. நாய் கீய் இருக்குமோன்னு பயந்திருப்ப. நாய் கெடையாது. யாருமே கெடையாது இன்னைக்கு. வரதருக்குக் கருடசேவ, தெருவே காஞ்சிவரத்துக்குப் பூடுச்சு. துர்காவும் உன்ன வுட்டுட்டு அப்படியே பஸ் ஏறிடுச்சு. நான்தான் போவல. மாட்ட யார் பாக்கறது?

இதுவா? டைரிப்பா. சிரிக்காத. பிள்ளையார்பாளையத்துல நமச்சிவாயம்னு எங்கூட்டுக்காரரு கூட்டாளி, தறி போட்டிருக்காரு. பட்டுக்கடையில குடுக்கற டைரிய வருசா வருசம் எடுத்தாந்து இவருகிட்ட குடுப்பாரு. இவருக்கு எழுத வணங்காது, எங்கிட்ட போட்டுட்டாரு. அப்படிப் புடிச்ச பழக்கம். வேல முடிச்சு ஒக்காந்தா நாலு வரி எழுதலன்னா சாப்புட்ட மாதிரியே இருக்காது எனக்கு.

பெருசா இன்னா எழுதப்போறன்? செவல கன்னு போட்டுச்சு. நாத்து பறிக்க ஆள் வரல. கத்திரியில பூச்சி. அலமு வந்தா, கருவேப்பில கேட்டா. கரண்ட் எப்ப வந்துச்சு, எப்பப் போச்சு. அதுக்குத்தான் ஊரே எங்கிட்ட வரும், அம்சாக்கா, மோட்டார் ஓட்டற த்ரீ பேஸ் கரண்ட் இந்த வாரம் எப்ப வுடறான்னு. யாரு வந்தாலும் எழுதிடுவேன். வந்தவங்க இன்னா சாப்புட்டாங்கன்றதும் இருக்கும். இது ஒரு கிறுக்கு எனக்கு, இவரே கிண்டல் பண்ணுவாரு.

ஆமா, பூட்டாரு. போன வருசம். இதே கெணத்துலதான். உனக்கு யாரும் சொல்லலியா?

ஒக்காருப்பா, இன்னாத்துக்கு எழுந்துக்கற? சொல்லி முடிச்சிடறன்.

கூட்டுக் கெணறு இது. எங்களுக்கும் இவரு தம்பி பிரேம்நாத்துக்கும் மொற வச்சுத் தண்ணி. நெலமும் இன்னும் பிரிக்கல. ஏனாத்தூர்ப் பக்கம் ப்ளாட் போடறாங்கன்னதும் தம்பிக்கு வித்துடணும்னு ஒரே புடி. இவரு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. அண்ணந்தம்பிக்குள்ள பேச்சு நின்னு போச்சு. அன்னைக்கு கெணத்துல பைப்பு அடியில இருக்கற புட்வால்வுல குப்ப அடச்சுக்கினு தண்ணி ஏறல. கரண்ட் இல்லாத நேரமாப் பாத்து எறங்குனாரு. பாதியில த்ரீ பேஸ் வந்துச்சு. ஆட்டோல போட்டிருந்த மோட்டார் தானா ஓடுச்சு, பைப்புல ஷாக் அடிச்சு, புடிச்ச கைய அவரால எடுக்கவே முடியல.

போலீஸ்காரங்க வந்து மோட்டார் கொட்டாயில பாத்தாங்க. போர்டுல மூணு ப்யூஸ் கட்டையும் மாட்டி இருந்துச்சு. அது இருந்தாத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போவும். கட்டையப் புடுங்க மறந்துட்டு எறங்கிட்டாருன்னு எழுதிக்கினு பூட்டாங்க. பிரேம்நாத்தும் அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதாரு. எங்கண்ணன் மறதிக்காரன்னு.

நானும் நம்புனேன்பா. ஆஸ்பத்திரியில அவர் துணிய மூட்டையாக் கட்டிக் குடுத்தாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு, அலசிப் போடலாம்னு பிரிச்சேன். வேட்டி மடியில கனமா இருந்துச்சு. அவுத்தா, எங்க கட்டை. மூணும். ஓரம் கரிஞ்சுபோன பழங்கட்டை, எனக்குத் தெரியாதா? கெணத்துல எறங்குறதுன்னா கட்டையப் புடுங்கி மடியில சொருகாம இவரு ஒருநாளும் எறங்க மாட்டாரு. எவனாவது தெரியாம மாட்டிடுவான்னு பயம். அப்ப போர்டுல இருந்தது யாரு கட்டை?

யாருகிட்டயும் வாயத் தொறக்கல. டைரியத்தான் பொரட்டுனேன். அவரு போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எழுதியிருக்கறன். தோ, நீயே பாரு. கண்ணாடி வேணுமா? சரி, நானே படிக்கறன். பிரேம்நாத்து கூட வயர்மேன் ஒருத்தன் வந்தான். அருள்னு பேரு. கொட்டாயப் பாத்தான். மோர் குடுத்தேன். பெருங்காயம் ஆவாதுன்னான்.

காஞ்சிவரத்துல மோட்டார் வேல செய்யற அருளு எத்தினி பேர் இருக்கான்னு நெனைக்கற? உன்னத் தேடிப் புடிக்க எனக்கு இத்தினி நாள் ஆச்சு. என் பேரச் சொல்லாம போன் போடுன்னு துர்காகிட்ட நான்தான் சொன்னேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்.

ஐய, இன்னாத்துக்கு இப்படி வேர்க்குது உனக்கு? நான் உன்ன அடிக்கவா போறன்? வேலைக்குத்தான கூப்புட்டேன். நெசமாவே புட்வால்வு அடச்சுக்கினுதான் இருக்குது. அன்னைக்கு மாதிரியே.

தோ பாரு, கொட்டாயில கட்டைக்கு முன்னாடியே லைன் எடுத்த பல்பு எரியுது. த்ரீ பேஸ் வந்துடுச்சு. டைரியில எழுதி வச்ச நேரத்துக்குச் சரியா வந்துட்டான்.

நீ எறங்குப்பா. கட்டைய நீ வர்றதுக்கு முன்னாடியே புடுங்கிட்டேன். இதோ, என் மடியில. தொட்டு வேணும்னாலும் பாரு. அதே கட்டைங்கதான், மூணும்.

இன்னா, மாட்டேன்னு தலய ஆட்டற? கட்டை மடியில இருக்கறப்ப கரண்ட் எப்படிப்பா மோட்டாருக்கு வரும்? அதத்தான் நானும் ஒரு வருசமா யாரையாவது கேக்கணும்னு இருந்தேன்.

சரி, எறங்க வேணாம். மோர வச்சிடாத, குடிச்சிடு. இன்னைக்குப் பக்கத்த எழுதிடறன். அருள் வந்தான். மோர் குடிச்சான். கட்டையக் காட்டியும் கெணத்துல எறங்க மாட்டேன்னான்.

அடுத்த வரி நீ சொல்லு. உன்னக் கட்டை மாட்டச் சொன்னது யாரு? பேர நான் எழுதக் கூடாது, உன் வாயால வரணும்.