சித்தப்பன் கன்னத்து மரு

சேலத்துக்குப் போன, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் மடியில் கண்ணாடி விரிசல் விட்ட படம் ஒன்றை வைத்திருந்தார். பக்கத்திலிருந்த பெரியவர், யார் என்று கேட்டார்.

“செத்துப்போன எங்கப்பனுங்க. ஆனா உள்ள இருக்கறது எங்க சித்தப்பனுங்க.”

“அதெப்படீங்க?”

“அப்பன் படமே எடுக்காமப் போயிட்டாருங்க. அமாவாசைக்கு மாலை போட ஒண்ணு வேணுமில்லீங்களா? சித்தப்பனுக்கு அதே சாடை. அப்பனோட உருமாலையத் தலையில கட்டி ஸ்டூடியோவுல உக்கார வெச்சுட்டோம்.”

“ஊட்ல ஒண்ணுஞ் சொல்லலீங்களா?”

“சித்தப்பன் கன்னத்து மரு அப்பனுக்கும் இருந்துச்சுன்னு அம்மா இப்பச் சாதிக்கறாங்க.”

“சித்தப்பன் இருக்கறாருங்களா?”

“நல்லா இருக்கறாருங்க. அமாவாசையானா படையல் சோத்துக்கு வந்துருவாரு. படத்தைப் பாத்து, ‘எங்கண்ணன் அப்படியே இருக்கறாரு’ன்னு முதல்ல அழுகறதும் அவருதானுங்க.”