விதோசவா அத்தையின் பச்சைச் சுவர்

ஐயா, நம் நோவிசாத் நகரத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள்கூட ஊதக்காற்றுக்குப் பயப்படுவார்கள். உங்கள் விசாரணை அறையிலும் ஜன்னல் இறுக்கமாகத்தான் மூடியிருக்கிறது.

நீங்கள் கேட்கிற அந்தக் குடியிருப்புக் கட்டடத்தை வடிவமைத்தவன் நான். தெருப்பக்கச் சுவர் முழுக்க, வீட்டுச் சூடு படும்படி உட்புறமாக, கண்ணாடித் தொட்டிகள். அவற்றுக்குள் உயிருள்ள பாசி. கீழே செம்பழுப்பு, மேலே போகப் போகப் பச்சை. பெயின்ட் உரியும், பாசி உரியாது. குளிர்காலத்தில் மட்டும் வெளுத்துவிடும். அதனால் கீழ்த்தளக் கொதிகலனின் புகையைக் குழாய் வழியே தொட்டிகளுக்கு அனுப்பினேன். பாசிக்கு அதுதான் சாப்பாடு.

மூன்றாம் மாடியில் விதோசவா அத்தை தனியாக இருந்தார். அவர் படுக்கையறைச் சுவருக்குள் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய், வாசனையே இல்லாத நச்சுப்புகை அறைக்குள் கசிந்தது. பத்து நாட்களாக எனக்குத் தெரியும். சரிசெய்ய மூன்று நாள் குழாயை நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சிறந்த கட்டடத்துக்கான பரிசுக் குழு பார்வையிட வருகிறது. பாசி வெளுத்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

புதன்கிழமை போனேன். வழக்கம்போல ஒரு கரண்டி செர்ரி இனிப்பும் தண்ணீரும் கொடுத்தார்.

"தலை பிளக்குது மிலுதின். எங்கிருந்தோ ஊதக்காத்து வருதுடா."

"ஜன்னல் இடுக்குலதான் வருது அத்தை. அடைச்சிட்டா சரியாயிடும்."

நானே பழைய துணியைத் திணித்து, மேலே டேப்பும் ஒட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கிண்டல் செய்தார்.

"பச்சைத் தண்ணிக்குச் சோறு போடுற நேரத்துக்கு ஒரு பொண்ணக் கட்டியிருக்கலாம் நீ. ஆனா ஒண்ணு, நீ இல்லன்னா இந்தக் காத்துலயே நான் செத்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை கதவைத் தட்டினேன். என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். அவர் கட்டிலில் கிடந்தார், கன்னம் இரண்டும் சிவந்து. மூச்சு இன்னும் மெல்ல வந்துகொண்டிருந்தது. போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். கல்நெஞ்சன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அப்போதே ஜன்னலைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொல்கிறாராம். இருக்கலாம். ஆனால் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி, ஐயா. ஜன்னலை ஒட்டித்தான் தொட்டி இருக்கிறது. அந்தக் காற்று பட்டால் பாசி தாங்காது.