நானூத்தி அறுபது கிலோ

அம்பதுன்னு போடாதீங்க சார். அம்பத்து மூணு வயசு, நாலு மாசம். பேரு தம்புசாமி, சரிதான். இதே போர்ட் கிள்ளான் கிடங்குல பதினெட்டு வருசமா எடை எழுதுறேன். பெட்டி விழுந்ததத்தானே விசாரிக்க வந்தீங்க? அதுக்குத்தான் வரேன்.

நான் அஞ்சாங்கிளாஸ் சார். தராசு என்ன காட்டுதோ அதத்தான் சீட்டுல எழுதுவேன். சீட்டப் பாத்துத்தான் கிரேன்காரன் தூக்குவான். ரெண்டு மாசம் முன்ன ஆபீசுல புதுச் சீட்டு குடுத்தாங்க. முன்னால நிக்கிற முக்கியமான எண் ஒண்ணு போதுமாம், மத்த எடத்துல சைபராம். அதுக்கு மூணு நாள் கிளாஸு. வாத்தியாரு மலாய்ல சொல்றாரு, அடுத்த எண் அஞ்சுக்கு மேல போனா ஏத்து, அஞ்சா இருந்தாலும் ஏத்து, கொறஞ்சா விட்டுடு.

எனக்கு மண்டையில ஏறல. தூக்குற எடையக் கொறச்சு எழுதலாமா சார்? நான் எல்லாத்தையும் ஏத்தியே எழுதினேன். ரெண்டாயிரத்து நூறா, மூவாயிரம். பரீட்சையில பத்துக்கு நாலு. கூட இருந்தவனுங்க சிரிச்சானுங்க. இன்னொரு தரம் தோத்தா தொடப்பந்தான் புடிக்கணும்னு சொல்லிட்டாங்க.

எம் மச்சான் கன்னையாதான் சொல்லிக் குடுத்தான். இங்கதான் வேலை. தேத்தண்ணி கடையில சிகரெட் பெட்டி அட்டை மேல எழுதிக் காட்டுவான். நாலு வந்தா கண்ண மூடிக்கிட்டு விட்டுடு லா மச்சான், அங்கதான் ஒனக்குப் பேனா நின்னுடுதுன்னு கேலி பண்ணுவான். பதினோரு நாள். பத்துக்குப் பத்து வாங்கினேன். அவனுக்கு ஒரு தட்டு மீ கோரேங் வாங்கிக் குடுத்தேன்.

அன்னிக்கு வந்த பெட்டி ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது கிலோ. அடுத்த எண் நாலு. விட்டுட்டேன். ரெண்டாயிரம்னு எழுதினேன். கிரேன் சங்கிலி ரெண்டாயிரந்தான் தாங்கும். கிரேன்காரன் சீட்டப் பாத்தான், தூக்கினான். அவன் மேல என்ன தப்பு?

சங்கிலி பழசுன்னு எழுதி முடிச்சிடாதீங்க சார். நானூத்தி அறுபது கிலோ எங்க போச்சுன்னு எழுதுங்க. ஏழு ஆளு எடை அது. என் சொந்த நோட்டுல முழுசா இருக்கு, பாருங்க.

கன்னையாவையும் கேக்கணுமா? எப்படி சார். கொக்கி மாட்டுற வேலை அவனுக்கு, பெட்டி விழுந்தப்ப கீழ நின்னான். உங்க தாளுல சபாபதின்னு இருக்கும் பாருங்க. கன்னையா வீட்டுல கூப்புடுற பேரு.

நாளையோட பதினாறு நாள்.